நமீப் கரையோரம் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

நமீபியாவில் லூடரிட்ஸ் ஊரிலிருந்து வால்விஸ் பே வரை, ஒரு பக்கம் அட்லாண்டிக் கடலும் மறுபக்கம் நமீப் பாலைவன மணலுமாக நீளும் கரையில் ஐந்து வண்டிகளில் போய் வந்தோம். போனவர்கள் எல்லோரும் மும்பைத் தமிழர்கள். எனக்கு இது இரண்டாவது முறை. செம்பூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் படங்களைப் போட்டுக் காட்டியதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடுத்த குழுவும் சேர ஆரம்பித்துவிட்டது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவிடுகிறேன்.

முலுண்டிலிருந்து: சார், நாமே வண்டி வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொண்டு போக முடியாதா? வழிகாட்டி கட்டாயமா?

கட்டாயம். அந்தக் கரை நமீப்-நௌக்லுஃப்ட் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. அங்குள்ள மணல்கடலை யுனெஸ்கோ 2013-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரசு உரிமம் பெற்றவர்கள் மட்டும்தான் குழுவை அழைத்துப் போகலாம். முன்னால் அவர்கள் வண்டி போகும், பின்னால் நாம் ஓட்டிக்கொண்டு போவோம். லூடரிட்ஸிலிருந்து வால்விஸ் பே நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது, போனும் எடுக்காது. மணலில் வளைந்து ஏறி இறங்கினால் தூரம் இன்னும் கூடும்.

இன்னொன்று. வாடகை வண்டி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் கடற்கரையிலும் மணல்மேட்டிலும் ஓட்டக் கூடாது என்றே சொல்கின்றன. உப்புத் தண்ணீர் பட்ட வண்டிக்கு இன்சூரன்ஸும் கைகொடுக்காது. இந்தப் பயணத்துக்கென்றே வண்டி தருகிறவர்களிடம் எடுங்கள், ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள்.

தனியாகத்தான் போவேன் என்றால் வடக்கே ஸ்வாகொப்முண்டிலிருந்து ஹென்டிஸ் பே பக்கம் போங்கள். சாதாரணக் காரே போகும் சாலை. ஹென்டிஸ் பேக்கு 14 கிலோமீட்டர் தெற்கே ‘ஸெய்லா’ என்ற மீன்பிடிக் கப்பல் தரைதட்டி நிற்கிறது. உடைப்பதற்காக விற்கப்பட்டு, நம் மும்பைக்கு இழுத்து வரும் வழியில், 2008 ஆகஸ்டில் கயிறு அறுந்து அங்கே ஒதுங்கிவிட்டது. நம் ஊருக்கு வர வேண்டியது இப்போது நீர்க்காகங்களுக்கு வீடாக நிற்கிறது. நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோரேகாவிலிருந்து: அண்ணா, டயரில் காற்றை எவ்வளவு இறக்க வேண்டும்? இறக்கினால் டயர் கெடாதா?

நல்ல கேள்வி. மணலில் பாதி வேலையை முடித்துக் கொடுப்பது இதுதான். தார் ரோட்டில் 32 பிஎஸ்ஐ வைத்திருந்தால் மணலில் 14, 15க்கு வந்துவிடுங்கள். ரொம்ப இளகிய மணல் என்றால் 12. சிக்கிக்கொண்டால் மட்டும் 10. காற்று குறையும்போது டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும், தரையில் பதியும் நீளம்தான் நிறையக் கூடும். அந்த நீளத்தில் வண்டியின் எடை பரவுவதால் டயர் மணலைத் தோண்டாமல் மேலே ஏறி ஓடும்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள். நான்கிலும் ஒரே அளவு இருக்கட்டும். மதியம் வெயிலில் அதே டயர் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடக் காட்டும், பனியில் நனைந்து இறுகியிருந்த மணலும் அந்நேரம் காய்ந்து இளகிவிடும். காலையில் அலட்டிக்கொள்ளாமல் ஏறிய மேட்டில் மதியம் திணறினால் இன்ஜினைத் திட்டாதீர்கள், இறங்கி காற்றைப் பாருங்கள். குறைந்த காற்றில் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வேகமும் கூடாது. தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் வேலை கம்ப்ரசரை எடுத்துக் காற்று பிடிப்பது. இதையெல்லாம் செய்தால் டயர் கெடாது.

வாஷியிலிருந்து: லாங்கவாண்ட் என்று ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே அப்படி என்ன ஆபத்து?

லாங்கவாண்ட் என்றால் நீண்ட சுவர். இதே கரையில் இருக்கும் கன்செப்ஷன் பேக்கும் சாண்ட்விச் ஹார்பருக்கும் இடையில் மணல்மேடு அப்படியே கடலுக்குள் இறங்குகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்குத் தேரி என்ற செம்மணல் மேடு தெரியும். அந்தத் தேரியைப் பல மாடி உயரத்துக்குத் தூக்கிக் கடல் விளிம்பில் நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. கடல் வற்றும்போது மட்டும் மேட்டின் அடியில் வண்டி போகிற அளவுக்கு ஈர மணல் வெளியே தெரியும். ஏறும்போது அலை நேராக மேட்டில் மோதும். ஒதுங்க இடமே கிடையாது.

மும்பைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கோலி மீனவர்களைக் கேளுங்கள், பர்தி (ஏற்றம்), ஓஹோட்டி (வற்றம்) என்று மணி சொல்வார்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். மும்பையில் கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் நாளில் மாநகராட்சி எச்சரிக்கை விடுகிறது. வால்விஸ் பே பக்கம் ஏற்ற இறக்கம் இரண்டு மீட்டரைத் தாண்டாது. ஆனால் மெரின் டிரைவில் அலை வந்தால் நாலடி பின்னால் போகலாம். லாங்கவாண்டில் பின்னால் இருப்பது மணல் சுவர்.

நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் பயணத்தில், பாதி தூரம் கடந்தபோது நான்காவது வண்டி நின்றது. கடல்நாய்க் கூட்டத்தைப் படம் எடுக்க ஒரு நிமிடம். அந்த வண்டியில் நானும் இருந்தேன். நின்ற இடம் கெட்டியாகத்தான் தெரிந்தது. ஓர் அலை வந்து டயரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. திரும்பும் தண்ணீர் டயருக்கு அடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. அடுத்த அலைக்கு வண்டி ஓர் அங்குலம் இறங்கியது. அதற்கடுத்த அலைக்கு இன்னோர் அங்குலம். ஜூஹுவில் அலை விளிம்பில் நின்றால் குதிகால் புதையுமே, அதே கதைதான், இங்கே இரண்டு டன் எடையோடு. டிரைவர் பதறி ஆக்ஸிலேட்டரை மிதித்தார், பின் சக்கரம் அச்சு வரை போய்விட்டது. மண்வெட்டியால் தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. கடைசியில் காற்றை 10க்கு இறக்கி, டயருக்கு அடியில் ஏணிப் பலகைகளைச் செருகி, முன் வண்டி இழுக்க வெளியே வந்தோம். 25 நிமிடம் ஆனது. அதற்குள் தண்ணீர் முன் சக்கரத்தின் நடுவரை வந்துவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், லாங்கவாண்டில் வண்டி நிற்கவே கூடாது. படம் வேண்டுமென்றால் ஓடுகிற வண்டியிலிருந்து எடுங்கள். வழிகாட்டி இன்று போக முடியாது என்றால் பேச்சே கிடையாது, மேட்டுக்குப் பின்னால் கூடாரம் போட்டு அடுத்த வற்றத்துக்குக் காத்திருங்கள். திரும்பும் விமானத்துக்கு முன்னால் இரண்டு நாள் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை நெருக்கிப் போட்டால் அந்த அவசரம் உங்களைத் தண்ணீருக்குள் இறக்கிவிடும்.

டோம்பிவிலியிலிருந்து: ஐந்து வண்டி சேர்ந்து போகும்போது வரிசை எப்படி?

நன்றாக ஓட்டுகிறவர்கள் எல்லாம் முன்னால், பழகாதவர்கள் பின்னால் என்று பல குழுக்கள் போகின்றன. அது தவறு. புதியவர் வழிகாட்டிக்கு அடுத்தபடி இரண்டாவதாக வரட்டும். முன் வண்டியின் தடம் கலையாமல் இருக்கும், அவர் தடுமாறினால் வழிகாட்டிக்கு உடனே தெரியும். நன்றாக ஓட்டுகிறவர் கடைசியில் வர வேண்டும், இழுக்கும் கயிறும் அவரிடம் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனால் யாரும் தொலைய மாட்டார்கள். பின் வண்டி தெரியவில்லையா, கெட்டி மணல் பார்த்து, மூக்கு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் அடித்தால் முன் சக்கரம் தனக்குத் தானே மேடு கட்டிக்கொள்ளும். லாங்கவாண்டில் மட்டும் ரேடியோவில் சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இழுக்கும் கயிற்றை டிரெய்லர் மாட்டும் குண்டில் கட்டவே கட்டாதீர்கள். அது பிய்ந்து பறந்து ஆள் இறந்திருக்கிறார்கள். இழுப்பதற்கென்று உள்ள கொக்கியில் மட்டும் கட்டுங்கள், கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போடுங்கள், மற்றவர்கள் தள்ளி நிற்கட்டும்.

மாட்டுங்காவிலிருந்து: செங்குத்தான மணலில் இறங்குவதை வீடியோவில் பார்த்தாலே வயிறு கலங்குகிறது.

எல்லோருக்கும் கலங்கும். உச்சியில் நிறுத்தி, மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர் நிலை) முதல் கியர், ஸ்டியரிங் நேராக, பிரேக்கிலிருந்து கால் வெளியே. பின்பக்கம் ஒதுங்குவது போல் தோன்றினால் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுங்கள், நேராகிவிடும். காற்றுக்கு மறைவான அந்தச் சரிவு 32, 34 டிகிரிதான் இருக்கும், மணல் அதற்கு மேல் செங்குத்தாக நிற்காது. முதல் முறை இறங்கும்போது அடியிலிருந்து விமானம் போவது போல ஒரு முழக்கம் கேட்கும். இன்ஜின் போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள். உலர்ந்த மணல் ஒன்றன்மேல் ஒன்று சரியும்போது எழும் சத்தம். எங்கள் குழுவில் எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டு, மேட்டில் உட்கார்ந்து கையால் மணலைத் தள்ளி அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

காட்கோபரிலிருந்து: சாட்டிலைட் போன் இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாமா?

கூடவே கூடாது. அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கையடக்கக் கருவிகளோடு விமான நிலையத்தில் பிடிபட்டவர்களும் உண்டு. அங்கே வாடகைக்கு எடுங்கள், அங்கேயே திருப்பிக் கொடுங்கள். இங்கிருந்து எடுக்க வேண்டியது ஆர்டிஓ தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி. அங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் கை சீக்கிரம் பழகிவிடும்.

சயனிலிருந்து: நாங்கள் சைவம். ஐந்தாறு நாள் என்ன சாப்பிடுவது?

புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எங்களைக் காப்பாற்றின. அரிசி, உருளை, வெங்காயம் அங்கேயே வாங்கலாம். மாலையில் தென்மேற்குக் காற்று மணலை வாரி அடிக்கும், அதனால் சமையலை வண்டி மறைவில், காற்று எழும் முன்பே முடியுங்கள். இரவில் எதையும் வெளியே விடாதீர்கள், நரி வந்து செருப்பைக்கூடத் தூக்கிப் போகும். பாலைவனம் என்று மெல்லிய துணியோடு வராதீர்கள். பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் கரையை உரசிப் போகிறது. மழை வருடத்துக்கு 20 மில்லிமீட்டர்கூடத் தேறாது, ஆனால் பனிமூட்டம் காலையில் கூடாரத்தைச் சொட்டச் சொட்ட நனைத்துவிடும். ஸ்வெட்டரும் குல்லாவும் கட்டாயம்.

செம்பூரிலிருந்து: கடல் பக்கமே இல்லாத இடத்தில் ஒரு கப்பல் படம் காட்டினீர்களே, அது எப்படி அங்கே போனது?

கப்பல் நகரவில்லை, கடல்தான் நகர்ந்தது. ‘எடுவார்ட் போலன்’ என்ற ஜெர்மன் கப்பல் 1909-இல் பனிமூட்டத்தில் கன்செப்ஷன் பே அருகே தரைதட்டியது. அதன்பின் மணல் சேர்ந்து சேர்ந்து கரை கடலுக்குள் வளர்ந்துவிட்டது. இப்போது அது தண்ணீரிலிருந்து சுமார் 400 மீட்டர் உள்ளே, இடுப்பளவு மணலில் புதைந்து கிடக்கிறது. விளிம்பைத் தொட்டால் துரு செதில் செதிலாக உதிரும், அதனால் தொடாமல் பாருங்கள்.

முலுண்டிலிருந்து மறுபடியும்: நினைவுக்குக் கல், சிப்பி ஏதாவது எடுத்து வரலாமா?

எதையும் எடுக்காதீர்கள். லூடரிட்ஸ் பக்கத்தில் 1908-இல் ஸக்கரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைத் தொழிலாளி மணலில் வைரம் கண்டெடுத்த நாளிலிருந்து அந்த வட்டாரம் முழுக்க வைரச் சட்டத்தின் பிடியில் இருக்கிறது. பட்டை தீட்டாத வைரத்தைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தடம். மணல்மேட்டில் நம் தடத்தைக் காற்று ஓரிரு நாளில் அழித்துவிடும். சரளைச் சமவெளியில் அழிக்காது. அங்கே பாசிபோல் ஒட்டியிருக்கும் லைக்கன் பனியைக் குடித்து வாழ்கிறது, ஒரு முறை சக்கரம் ஏறினால் பல பத்தாண்டுகளுக்கு அந்தக் கோடு அப்படியே கிடக்கும். டமாரா ஆலா என்ற சின்னப் பறவை அந்தச் சரளையில் ஒரே ஒரு முட்டை இடும், கூடுகூடக் கட்டாது. முட்டை எது கல் எது என்று நின்று பார்த்தாலே தெரியாது, வண்டியிலிருந்து எங்கே தெரியப்போகிறது? வழிகாட்டியின் தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலகாதீர்கள்.

தாராவியிலிருந்து: அண்ணா, அலிபாக் கடற்கரையில் வண்டியை இறக்கிப் பழகிக்கொள்ளட்டுமா?

வேண்டாம் தம்பி. நடக்கிறவர்களுக்கு ஆபத்து, ஏற்றத்தில் சிக்கிய வண்டியைக் காப்பாற்றவும் முடியாது. மணல் பழக ஜெய்சல்மேருக்குப் போய், சொல்லிக்கொடுக்கிறவர்களோடு இரண்டு நாள் ஓட்டுங்கள். அதுவரை உங்கள் கட்டட பார்க்கிங்கிலேயே நான்கு டயரிலும் காற்றை இறக்கி, திரும்பப் பிடித்துப் பழகுங்கள். ஜாக்கிக்கு அடியில் பலகை வைத்து ஸ்டெப்னி மாற்றுங்கள், மணலில் பலகை இல்லாமல் ஜாக்கி புதையும்.

டோம்பிவிலியிலிருந்து ஓர் அம்மா: எனக்கு 61 வயது, வண்டி ஓட்டத் தெரியாது. நான் வந்தால் பாரமாக இருப்பேனா?

அம்மா, கட்டாயம் வாருங்கள். முதுகுவலி இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், குலுக்கல் அதிகம். எங்கள் குழுவில் ஓட்டத் தெரியாத ஓர் அக்காதான் தினமும் காலையில் வழிகாட்டியிடம் ஏற்றம் வற்றம் நேரத்தைக் கேட்டு நோட்டில் எழுதி, ஐந்து வண்டிக்கும் ரேடியோவில் படிப்பார். அந்த நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வரும்போது உங்கள் கையில் தருகிறேன், பாதிப் பக்கங்கள் இன்னும் எழுதாமல் கிடக்கின்றன.