கடைமடையில் ஒரு அப்பா

வணக்கம் ஐயா,

முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் ஊர். வருகிற தையோடு அப்பா போய் ஒரு வருஷம். நாளிதழில் நினைவஞ்சலி கொடுக்கலாம் என்கிறான் தம்பி. எழுத உட்கார்ந்தால் 'குடும்பத்துக்காக உழைத்தவர்' என்பதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. குத்தகைக்கு ஒன்றரை ஏக்கர், தண்ணீர் வராத வருஷங்களில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை, அக்கா கல்யாணம், எங்கள் படிப்பு. அவர் வாழ்க்கை அவ்வளவுதான். இதில் என்ன எழுதுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'உழைத்தவர்' என்று எழுதாதீர்கள். என்ன உழைத்தார் என்று எழுதுங்கள்.

உங்கள் ஊர் கடைமடை. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 திறந்தால் கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேரவே மூன்று நான்கு நாள். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் கோரையாறாகப் பிரிந்து, மேலே உள்ளவர்கள் பாய்ச்சியது போக மிச்சம்தான் உங்கள் பக்கம் வரும். அது நடுராத்திரியில் வந்தாலும் மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். விட்டால் பயிர் காயும், குத்தகை நெல்லுக்குக் கடன் வாங்க வேண்டியதுதான். அப்பா யாரோடு முறை வைத்துக்கொண்டார், தகராறு வந்தால் என்ன செய்தார்? பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

அப்புறம் திருப்பூர். 2012 முதல் 2019 வரை ஒரு வருஷம்கூட ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. 2016இல் சம்பாவும் கருகியது. அந்த வருஷங்களில் வயலை விட்டுப் போனவர்களைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய விஷயம். ஊரில் தன் இஷ்டத்துக்கு எழுந்து வயலுக்குப் போன மனிதர், அந்த வயதில் ராத்திரி ஷிப்டில் இன்னொருவர் கேட்டைத் திறந்து மூடினாரே, அதை எப்படித் தாங்கினார்? சம்பளத்தில் தனக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டார், எங்கே சாப்பிட்டார், எதில் படுத்தார்? அம்மாவிடம் கேளுங்கள். பணம் வந்த மாதமும் வராத மாதமும் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அக்காவையும் சொல்லச் சொல்லுங்கள். மகள் பார்த்த அப்பா வேறு. கோபக்காரராக இருந்தால் அதையும், வீட்டுக்குத் தெரியாமல் கடன் வைத்திருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். அவர் மதிப்பு அதனால் குறையாது.

நாளிதழில் தம்பி கொடுக்கட்டும், படமும் தேதியும் போதும். சொந்தபந்தங்களுக்கு அது வேண்டும். இதை மட்டும் உங்கள் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுதியதும் எனக்கும் அனுப்பி வையுங்கள், அவசியம் படிக்கிறேன்.