சாவியை எங்கே ஒளிப்பது?

கேள்வி: பிட்காயின் வாலட்டின் 12 மீட்புச் சொற்களை வரிசை மாற்றி எழுதி ஒரு பழைய நாவலுக்குள் வைக்கலாமா, இல்லை கணினியில் உள்ள ஒரு குடும்பப் படத்தின் கோப்புக்குள் மறைத்து வைக்கலாமா என்று யோசிக்கிறேன். இப்போதைக்குத் தாளில் எழுதியதை செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இது போதுமா?

பதில்: போதாது. எனக்குப் பெரிய கவலை தருவது உங்கள் கடைசி வரிதான், வீட்டில் யாருக்கும் தெரியாது என்கிறீர்களே, அது. அந்த 12 சொற்கள்தான் உங்கள் பணத்தின் சாவி. சாவி திருட்டுப் போவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம், ஆனால் தொலைந்தும் மறந்தும் போகிற பணமும் கொஞ்சமல்ல. பிரிட்டனின் நியூபோர்ட்டில் 2013இல் ஜேம்ஸ் ஹவெல்ஸ் என்பவரின் ஹார்ட் டிஸ்க் குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது. அதில் சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி இருந்ததாம், எந்தத் திருடனும் தேவைப்படவில்லை.

வரிசை மாற்றும் யோசனையைப் பார்ப்போம். 12 சொற்களை மொத்தம் 47.9 கோடி விதமாக அடுக்கலாம். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு ஒளிந்திருப்பதால் 16இல் 15 வரிசைகள் தாமாகவே தள்ளுபடியாகிவிடும், மிச்சம் சுமார் 3 கோடி. அதைச் சோதித்து முடிப்பது கணினிக்குச் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள் வேலை. விஷயம் தெரிந்தவன் கையில் அந்தத் தாள் கிடைத்தால் பூட்டியும் பூட்டாத மாதிரிதான், உங்களுக்கோ பத்து வருடம் கழித்து எந்த வரிசை என்று ஞாபகம் இருக்காது. நாவலும் என்றாவது ஒரு நாள் பழைய பேப்பரோடு போய்விடும்.

படத்துக்குள் மறைப்பது இன்னும் ஆபத்து. வாட்ஸ்அப்பில் ஒரு முறை அனுப்பினாலே படம் சுருக்கப்படும், உள்ளே வைத்தது அழிந்துவிடும், கண்ணுக்கு மட்டும் படம் அப்படியே இருக்கும்.

சொற்களைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதும் வேண்டாம், ஒரு பாதி போனால் எல்லாம் போச்சு. பிரிக்கத்தான் வேண்டுமென்றால் குறியாக்க அறிஞர் ஆதி ஷமீர் 1979இல் வெளியிட்ட கணித முறை இருக்கிறது: மூன்று பங்கு, எந்த இரண்டு சேர்ந்தாலும் திறக்கும், ஒன்றை மட்டும் வைத்து யாராலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. ஸ்லிப்-39 என்ற பெயரில் சில வாலட்டுகளில் இது உண்டு.

பாஸ்ஃபிரேஸ், அதாவது 12 சொற்களோடு நீங்களாகவே வைத்துக்கொள்ளும் கூடுதல் ரகசியச் சொல், சேர்ப்பது நல்ல வழி, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தப்பாக அடித்தால் 'தவறு' என்று வாலட் சொல்லவே சொல்லாது. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொரு வாலட், காலியாகத் திறக்கும், பணம் திருட்டுப் போய்விட்டது என்று பதறிப்போவீர்கள். அதையும் எழுதி வையுங்கள், சொற்கள் இருக்கும் இடத்தில் அல்ல.

நான் செய்யச் சொல்வது எளிமையானது. சொற்களை வரிசைப்படி எஃகுத் தகட்டில் பொறியுங்கள், சொல்லின் முதல் நான்கு எழுத்து போதும், மீட்புச் சொற்கள் எடுக்கப்படும் 2,048 சொல் கொண்ட ஆங்கிலப் பட்டியலில் எந்த இரண்டும் அதில் ஒத்துப்போகாது. இரண்டு தகடு, ஒவ்வொன்றிலும் எல்லாச் சொற்களும், இரண்டு இடம். அப்புறம் வீட்டில் ஒருவருக்குக் கடிதம்: என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எப்படித் திறப்பது. சொற்கள் அதில் வேண்டாம்.

ஆனால் செல்போன் படம் இதற்குள் கிளவுடுக்குப் போயிருக்கலாம், அதை அழித்தால் மட்டும் போதாது, அந்தச் சாவி வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்றே புது வாலட் உருவாக்கி, புதுச் சொற்களைப் பொறித்து, அந்த வாலட்டை ஒரு முறை அழித்துவிட்டுத் தகட்டிலிருந்து மீட்டுப் பாருங்கள். சரியாக வந்த பிறகு பணத்தை அங்கே மாற்றுங்கள்.