கடைத் தோட்டாவா, வீட்டில் நிரப்பியதா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: டெக்சஸில் டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் 9 மி.மீ. பிஸ்டலில் சுடுவது வழக்கம், மாதம் 200 தோட்டா ஆகிறது. காலிக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே திரும்ப நிரப்பினால் பாதி விலைக்கு முடியும் என்கிறார் கூடச் சுடுகிற நண்பர். தோட்டா நிரப்புகிற ப்ரெஸ் ஒன்று வாங்கிப் போடலாமா சார்?

பதில்: நண்பர் சொல்வது 2020-க்கு முந்தைய கணக்கு. அப்போது கூட்டின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் ஒன்று 3 சென்ட்தான். கொரோனா சமயத்தில் கடைகளில் பிரைமர் கண்ணிலேயே படாமல் போய், திரும்ப வந்தபோது விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது, அப்புறம் பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை.

என் ரசீதுகளை வைத்தே சொல்கிறேன். குழாயிலிருந்து பாய்ந்து போகிற குண்டு 10 சென்ட். பிரைமர் 7. வெடிமருந்து ஒரு பவுண்டு 40 டாலர், அதில் 9 மி.மீ. சுமார் 1400 நிரப்பலாம், ஆக 3 சென்ட். கூடு ஓசி. மொத்தம் 20 சென்ட். அதே தோட்டாவை ஆயிரமாக வாங்கினால் கடையில் 25-க்குக் கிடைக்கிறது. மிச்சம் 5 சென்ட்! ப்ரெஸ், அதில் மாட்டும் டை என்கிற அச்சு, தராசு, நீளம் அளக்கும் காலிப்பர், கூட்டைத் தேய்க்கும் டம்ளர் இயந்திரம் எல்லாம் சேர்த்து எப்படியும் 500 டாலர் போட வேண்டும். அது திரும்பி வர 10,000 தோட்டா நிரப்பியாக வேண்டும், உங்கள் வேகத்தில் நான்கு வருஷத்துக்கு மேல்.

நேரத்தையும் பாருங்கள். கைப்பிடியை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இழுக்கிற சிங்கிள் ஸ்டேஜ் ப்ரெஸ்ஸில் மணிக்கு 50 முடித்தால் பெரிய விஷயம். அதாவது மணிக்கு இரண்டரை டாலர் சம்பாதிக்கிறீர்கள், டெக்சஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே 7.25. ஒரே இழுப்பில் எல்லா வேலையும் நடக்கிற வேகமான ப்ரோக்ரெசிவ் ப்ரெஸ் வாங்கினால் நேரம் மிச்சமாகும், ஆனால் தேவையானதையெல்லாம் சேர்த்து வாங்கும்போது ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும்.

இன்னும் சில செலவுகளை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். பிரைமரும் மருந்தும் ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுவார்கள், அதனால் கொஞ்சமாக வாங்கினால் கட்டுப்படியாகாது. பொறுக்குகிற கூடு எல்லாமும் உதவாது, இரும்பு, அலுமினியக் கூடுகளைக் கழித்துவிட வேண்டும் (இரும்பைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்). சில ரேஞ்சுகளில் அடுத்தவர் சுட்டதை எடுக்கவே விட மாட்டார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அம்மா போன். பேசிவிட்டு வந்து பாதியில் விட்டதைத் தொடர்ந்து முடித்துவிட்டேன், படுத்த பிறகுதான் சந்தேகம் வந்தது, எதிலாவது இரண்டு தடவை போட்டேனா, எதிலாவது போடவே இல்லையா என்று. இரண்டு தடவை போட்டிருந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம், போடாமல் விட்டிருந்தால் பிரைமரின் உந்தலில் மட்டும் குண்டு கிளம்பிக் குழாய்க்குள் சிக்கி நிற்கும், அடுத்ததைச் சுட்டால் ஆபத்து. மறுநாள் 150 தோட்டாவையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். அன்றைக்கு என் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

9 மி.மீ. மட்டும்தான் என்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: நான் .308 ரைஃபிளில் தூர இலக்கு சுடுகிறவன். எனக்கும் இதே பதில்தானா?

பதில்: இல்லை, உங்களுக்குக் கணக்கு தலைகீழ். கடையில் நல்ல மேட்ச் தோட்டா, அதாவது போட்டிக்கான துல்லியத் தோட்டா, ஒன்று ஒன்றே முக்கால் டாலர் வரை போகிறது. வீட்டில் செய்தால் மேட்ச் குண்டு 50 சென்ட், ரைஃபிள் மருந்து வேறு வகை, விலையும் கூட, ஒரு பவுண்டில் 160 தான் வருவதால் அதற்கு 30, பிரைமர் 8, ஒரு டாலர் கூட்டை எட்டுத் தடவை பயன்படுத்தினால் அதற்கு 12. சரியாக ஒரு டாலர். எழுநூறு தோட்டாவுக்குள் சாமான் காசு கைக்கு வந்துவிடும். கழுத்து குறுகிய கூடு என்பதால் எண்ணெய் தடவ வேண்டும், நீளத்தை அளந்து வெட்ட வேண்டும், வேலை கூடத்தான். ஆனால் உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறதோ அதற்கேற்ப, குண்டு தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவுக்குள் நின்று, நீங்களே தோட்டாவைப் பொருத்திக்கொள்ளலாம். காசை விட அதற்காகத்தான் நிறையப் பேர் இதில் இறங்குகிறார்கள். .45-70 மாதிரி பழைய பெரிய தோட்டா சுடுகிறவர்களுக்கும் நல்ல லாபம் உண்டு. 12 கேஜ் ஷாட்கன்காரர்கள் மட்டும் ஈய விலையைப் பார்த்துவிட்டு யோசியுங்கள், 25 பவுண்டு ஈயக் குண்டுமணி மூட்டையில் தோட்டாவுக்கு ஒரு அவுன்ஸ் வீதம் 400 தோட்டாதான் வரும்.

கேள்வி: நான் நிரப்புவதை நண்பர்களும் காசு கொடுத்துக் கேட்கிறார்கள். விற்றால் ப்ரெஸ் விலை சீக்கிரம் வந்துவிடுமே?

பதில்: சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்க மத்திய சட்டப்படி உரிமம் தேவையில்லை. விற்கும் தொழிலாக இறங்கினால் தோட்டா தயாரிப்பாளருக்கான 06 வகை உரிமம் வேண்டும், 11 சதவீத மத்திய கலால் வரியும் கூடவே வரும். நண்பர் கையில் ஒன்று வெடித்தால் பொறுப்பு உங்கள் தலையில். ப்ரெஸ்ஸை வேண்டுமானால் நண்பருக்கு இரவல் கொடுங்கள், அவர் தோட்டாவை அவரே நிரப்பிக்கொள்ளட்டும்.