முதலில் பெட்டி, அப்புறம் பாட்டு

கேள்வி: என்னிடம் 2012 மாடல் ஹார்லி-டேவிட்சன் அல்ட்ரா கிளாசிக் எலக்ட்ரா கிளைட் இருக்கிறது. வேகம் கூடினால் பாட்டு காதிலேயே விழுவதில்லை. ஆம்ப்பும் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) நல்ல ஸ்பீக்கரும் போட நினைக்கிறேன். பின்னால் இருக்கும் டூர்-பேக் பெட்டியை, தனியாக ஓட்டும் நாட்களில் கழற்றி வைக்கவும் ஆசை. எதில் தொடங்குவது?

பதில்: இரண்டையும் சேர்த்தே கேட்டது நல்லதாயிற்று. ஆடியோ வேலையை முதலில் முடித்துவிட்டு, பிறகு பெட்டியைக் கழற்றும்படி மாற்றப் போய், போட்ட ஒயரையெல்லாம் பிடுங்கியவர்கள் நிறைய. உங்கள் வண்டியில் அது சாமான் வைக்கிற பெட்டி மட்டும் இல்லை. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. பின்னால் உட்காருபவருக்கான பட்டன்கள், ரேடியோ ஆன்டெனா, சுற்றி வரும் விளக்குகள் எல்லாம் அதோடு சேர்ந்தவை. பெட்டி கழன்றால் இவையும் கழன்று போகும். அதனால் எது வண்டியோடு நிற்கும், எது வீட்டுக்குள் போகும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பெட்டியைத் தாங்கும் பாகங்களை வாங்கும்போது வருஷத்தைப் பாருங்கள். டூரிங் வண்டிகளின் ஃபிரேம் 2009-ல் மாறியது. 2014-ல் பொருத்தும் பாகங்கள் மறுபடி மாறின. உங்களுக்கு வேண்டியது 2009 முதல் 2013 வரை என்று போட்டிருக்கும் கிட். நான்கு தாங்கு குமிழ்கள் வண்டியிலேயே நிரந்தரமாக நிற்கும். பெட்டிக்கு அடியில் இருக்கும் ரேக்கின் முன் பள்ளங்களை முன் குமிழ்களில் உட்காரவைத்து, பின்பக்கத்தை இறக்கித் தாழ்ப்பாளைப் பூட்ட வேண்டியதுதான். பழகிவிட்டால் ஒரு நிமிஷ வேலை.

மாட்டியதும் பெட்டியை இரு கையாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். வண்டி மொத்தமும் ஆட வேண்டும். பெட்டி மட்டும் தனியாக ஆடினால் குமிழில் இருக்கும் ரப்பரோ நைலான் புஷ்ஷோ சரியாக உட்காரவில்லை, அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சின்ன ஆட்டம்தான் நெடுஞ்சாலையில் பின்பக்கம் அலைவதாக வந்து நிற்கும். போல்ட்டுகளுக்கு அதிர்வில் கழலாமல் பிடிக்கும் நீல நிற த்ரெட்லாக்கர் பசை தடவி, சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்குங்கள். முதல் நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள். பெட்டியின் எடை பின் சக்கர அச்சுக்குப் பின்னால் விழுகிறது. அதனால் கனமான சாமானைப் பக்கப் பெட்டிகளில் அடியில் வையுங்கள், டூர்-பேக்கில் மழைக்கோட்டும் துணியும் போதும்.

ஆன்டெனாவை மறந்துவிடாதீர்கள். பெட்டியோடு அதுவும் போய்விட்டால் எஃப்எம் கரகரக்கும். ஃபேரிங்குக்குள், அதாவது ஹேண்டில்பாருக்கு முன்னால் இருக்கும் காற்றுத் தடுப்புக் கூட்டுக்குள், ஒளித்து வைக்கும் ஆன்டெனா கிடைக்கிறது. ரேடியோவே கேட்பதில்லை, எல்லாம் போனில்தான் என்றால் விட்டுவிடலாம்.

இனி கனெக்டர். இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. விளக்குக்கு ஒன்று, ஆடியோவுக்கு ஒன்று என்று தண்ணீர் புகாத டாய்ச் வகை கனெக்டர்கள் இரண்டு வையுங்கள். இரண்டிலும் உள்ள உலோக ஊசிகளின் (பின்களின்) எண்ணிக்கை வேறாக இருக்கட்டும். இருட்டில் அவசரமாக மாட்டினாலும் ஒன்றை இன்னொன்றில் சொருக முடியாது. வண்டிப் பக்கம் வருவது உள்ளடங்கிய சாக்கெட்டாக இருக்க வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள் பெட்டிப் பக்கம் போகட்டும். மின்சாரம் வருவது வண்டிப் பக்கத்திலிருந்து. அங்கே பின்கள் வெளியே தெரிந்தால், பெட்டி இல்லாத ஒரு நாள் இரண்டு பின்கள் எதையாவது தொட்டு ஆம்ப்பையே காவு வாங்கிவிடும். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப்பின் வெளிமுனை சும்மா திறந்திருப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஷார்ட் ஆவதுதான் ஆபத்து. பெட்டியைக் கழற்றியதும் சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி போட வேண்டும். மூடியை ஒரு கயிற்றில் கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே தொலையும்.

இணைப்புகளை சால்டர் செய்யாதீர்கள் என்பேன். எல்லோரும் இதை ஒத்துக்கொள்வதில்லை. என் பழைய வண்டி ஒன்றில் அழகாக ஈயம் வைத்து ஒட்டிய ஒயர், ஈயம் முடிகிற இடத்தில் விறைத்துப்போய், அதிர்வில் சரியாக அங்கேயே முறிந்தது. உறைக்குள் முறிந்ததால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வலது ஸ்பீக்கர் பள்ளத்தில் இறங்கினால் பாடும், ஏறினால் நின்றுவிடும். நல்ல கருவியால் கிரிம்ப் செய்து (முனையை ஒயரோடு சேர்த்து நெருக்கி), உள்ளே பசை உள்ள, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் போதும்.

சரி, பாட்டுக்கு வருவோம். உங்கள் வண்டியின் ரேடியோ, ஒரு சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்குப் போகும் வழிக்கு) 20 வாட் கொடுப்பது. காற்றின் இரைச்சலுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் வாட்டைக் கூட்டுவதால் சத்தம் அதே கணக்கில் கூடுவதில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே ஸ்பீக்கர் அட்டையில் எத்தனை வாட் தாங்கும் என்பதைவிட, சென்சிடிவிட்டி (அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும்) என்ற எண்ணைப் பாருங்கள். 90 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 93 டெசிபல் ஸ்பீக்கர் போடுவது, ஆம்ப்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். வாட் எண்ணில் பார்த்தால் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) மட்டும். 'மேக்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள்.

உங்கள் ஃபேரிங்கில் 5.25 அங்குல ஸ்பீக்கர்கள் இருக்கும். 6.5 அங்குலம் போட அடாப்டர் உண்டு. மாற்றுவதற்கு முன் உள்ளே ஆழம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். கூம்பு பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும், காகிதம் மழைக்கு ஆகாது. இன்னொன்று, உங்கள் ஃபேரிங் முன் ஃபோர்க்கோடு சேர்ந்து திரும்புவது. அதில் எடை ஏற்றினால் அது ஹேண்டில்பாரில் தெரியும். பெரிய காந்தம் உள்ள ஸ்பீக்கர், கனமான ஆம்ப் எல்லாம் அங்கே சேர்ப்பது எனக்குப் பிடிக்காது. கிளாஸ் டி ஆம்ப்புகள் சின்னவை, சூடும் குறைவு. அந்த வகையில் ஒன்று போதும்.

ஆம்ப்பைக் கழன்று போகும் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் பேட்டரியின் கனத்த ஒயரும் கனெக்டர் வழியாகப் போக வேண்டும். பெட்டிக்குப் போவது ஸ்பீக்கர் ஒயர் நான்கும், பட்டன்களுக்கும் விளக்குகளுக்குமான மெல்லிய ஒயர்களும் என்று இருக்கட்டும்.

நான்கு சேனல் ஆம்ப்பாக வாங்கி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று பிரித்துவிடுங்கள். இரண்டு சேனல் ஆம்ப்பில் முன்னும் பின்னும் சேர்த்து மாட்டுவது சில்லறை மிச்சம்தான். தொடர் இணைப்பில் மாட்டியிருந்தால் பெட்டியைக் கழற்றியதும் முன் ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும். பக்க இணைப்பில், 4 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு சேர்ந்து 2 ஓம் ஆகும். அதைத் தாங்காத ஆம்ப் சூடேறி அணைந்துவிடும். சேனலைப் பிரித்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுவோம். சேனலுக்கு 75 வாட் என்றால் மொத்தம் 300. ஆம்ப்பின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் 375 வாட் உள்ளே போக வேண்டும், 13.5 வோல்ட்டில் அது சுமார் 28 ஆம்பியர். பாட்டு எப்போதும் உச்சத்திலேயே இருக்காது, சராசரி இதைவிட மிகக் குறைவு. ஓடும் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நண்பர்களுக்குப் போட்டுக் காட்டும்போதுதான் பேட்டரி படுத்துவிடும். ஒயர் 8 கேஜ் தடிமன், பேட்டரியை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். எர்த்தை ஃபிரேமில் எங்கோ முறுக்காமல் பேட்டரியின் நெகடிவ் முனைக்கே கொண்டுபோங்கள்; எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஙொய்' சத்தம் பெரும்பாலும் எர்த் கோளாறுதான்.

ரேடியோவை மாற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் 'ஹை லெவல்' வசதி உள்ள ஆம்ப்பாகப் பாருங்கள். ஆம்ப்பில் இருக்கும், தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். அதற்குக் கீழே உள்ள பாஸ் இந்தச் சின்ன ஸ்பீக்கரில் வராது, காற்றில் கேட்கவும் கேட்காது. கூம்பை மட்டும் கிழிக்கும். கெயினை (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவை) கண்டபடி ஏற்றினால் ஒலி சிதைந்து, உயர்ந்த ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகும்.

நீங்கள் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் போடுபவர், பெரும்பாலும் தனியாகவே ஓட்டுபவர் என்றால், ஹெல்மெட்டுக்குள் வைக்கும் ஸ்பீக்கரை முதலில் முயன்று பாருங்கள். செலவும் எடையும் குறைவு. வெளியே பாட வேண்டும் என்ற ஆசை அதில் தீராது, அது தெரிந்ததுதான்.

எல்லாம் மாட்டி ஃபேரிங்கை மூடுவதற்கு முன், பாட்டை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் மெதுவாகத் திருப்புங்கள். எங்கேயாவது ஒயர் இறுகினால், பாட்டு ஒரு கணம் விட்டால், அந்த இடத்தில் இன்னும் நான்கு விரற்கடை ஒயர் தளர்த்த வேண்டும். அப்புறம் பெட்டியைக் கழற்றி, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.