நாகை பக்கம் தூண்டிலில் வந்த பெயர் தெரியாத கிளாத்தி, ஆழப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) வாழும் அரிய வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே தூண்டிலில் ஏறிய கிளாத்தி (ஆங்கிலத்தில் டிரிகர்ஃபிஷ்) என்றும், இணையத்தில் படத்தைப் போட்டுத் தேடினால் அரிய ஆழ்கடல் வகை என்று வருகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மீன் இன்னும் ஐஸ் பெட்டியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். விற்றுவிடாதீர்கள். தோலை உரித்துக் குழம்பில் போட்டுவிடாதீர்கள். முதலில் கன்னத்தைப் பாருங்கள்.

நான் மீனியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்துவிட்டு அக்கரைப்பேட்டையில் ஒரு ஏலக்காரரிடம் கணக்கு எழுதுகிறேன். படித்தவர்கள் வந்து திருத்தினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் "கணக்கப்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை" என்று யாராவது கேட்டால் ஏற்க மாட்டேன். நான் இருப்பதே மீனுக்கு நடுவில்தான்.

என் பெரியப்பா கைத்தூண்டில்காரர். எங்கள் கரையோரம் முழுக்கக் காவிரி கொண்டுவந்து கொட்டிய சேறும் மணலும்தான். பார் மீன் வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் 50 பாகத்தில், அதாவது சுமார் 90 மீட்டர் ஆழத்தில், ஒரு கிளாத்தி பிடித்து வந்தார். ஒரு சாண் நீளம். மேலே பழுப்பு, கீழே வெளுப்பு. "ஏறும்போது நடுவுல நீலமா ஒரு கோடு இருந்துச்சுடா தம்பி. முப்பது வருசமா அந்தப் பாருக்குப் போறேன், இத நான் பாத்ததில்ல" என்றார். நான் பார்த்தபோது நீலம் இல்லை. ஐஸில் அஞ்சாறு மணி நேரம் கிடந்த மீன். பெரியப்பா பொய் சொல்கிறவர் இல்லை.

அன்று இரவு முழுக்கத் தேடினேன். சாந்திக்திஸ் என்று கிளாத்தியில் ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒரு கூட்டம், இருக்கிறது. அதில் சில வகைகள் ஆழப் பாரில் வாழ்பவை. சாந்திக்திஸ் சீருலியோலினியேட்டஸ் என்பதன் உடம்பில் நீலக்கோடு ஓடும். 2013இல் ரிச்சர்ட் பைல், ஜான் ஏர்ல் என்ற இருவர் பசிபிக்கில் கிரிட்டிமாட்டி தீவுப் பக்கம் 90 முதல் 100 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றைப் புது இனம் என்று அறிவித்து, சாந்திக்திஸ் கிரீனி என்று பெயர் வைத்தார்கள். 90 மீட்டர் என்று படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. பெரியப்பாவின் தூண்டில் போன அதே ஆழம்! கடல் வேறு, கண்டம் வேறு என்பதெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் ஏலக்கூடத்துக்கு வந்திருந்த ஓர் ஆய்வு நிறுவனத்துக்காரர் மீனைப் பார்த்தார். "நான் எடுத்துட்டுப் போய் பேர் சொல்றேன்" என்று பாலிதீன் பையில் வாங்கிப் போனார். ஆறு முறை போன் செய்தேன். முதல் இரண்டு முறை "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றார். அப்புறம் எடுக்கவே இல்லை. மீனும் போனது, பெயரும் வரவில்லை. ஆய்வாளர்கள் எல்லாரையும் நான் சொல்லவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எங்களோடு வந்து நின்று மீன் எண்ணும் மாணவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் கிளாத்தி பார்க்கச் சொல்லிக்கொடுத்ததே அப்படி ஒரு மாணவிதான்.

அந்தப் பெண் முதலில் சொன்னது, நிறத்தை நம்பாதீர்கள் என்பது. செத்த மீனில் நிறம் நிற்காது. உயிரோடு இருந்தாலும், ஒரு சாந்திக்திஸ் வகையில் ஆணுக்குக் கன்னத்தில் பெரிய நீலத் திட்டு உண்டு, பெண்ணுக்குக் கிடையாது. ஒரே இனத்தை இரண்டாக நினைத்துவிடலாம். முதுகு முள் பூட்டிக்கொள்வதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். முதல் முள்ளை அழுத்தினால் மடங்காது, இரண்டாவதை அழுத்தினால் மடங்கிவிடும். அந்தக் குடும்பத்தில் எல்லாக் கிளாத்திக்கும் அப்படித்தான்.

பார்க்க வேண்டியது கன்னம். சாந்திக்திஸ் என்றால் கன்னத்தில் நீளவாக்கில் கோடு கிழித்தமாதிரி சில பள்ளங்கள் ஓடும். நிறம் போனாலும் அவை போகாது, விரலால் தடவினால் தெரியும். கீழ்த்தாடை சற்று முன்னால் நீண்டிருக்கும். தாடையை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள், ஓடோனஸ் நைஜர் என்ற இன்னொரு கிளாத்திக்கும் கீழ்த்தாடை நீளும். ஆனால் அதற்குப் பல் சிவப்பு, வால் பிறை மாதிரி. அடுத்து வால் தொடங்கும் இடம். அது தட்டையாக, உயரத்தைவிட அகலம் அதிகமாக இருந்தால் அது அபாலிஸ்டிஸ் என்ற வேறு பேரினம். செவுள் துளைக்குப் பின்னால் பெரிய செதில்கள் இல்லையென்றால் கேந்திடெர்மிஸ் என்ற இன்னொரு பேரினம் என்று நினைக்கலாம். அப்புறம் துடுப்புக் கதிர்களை எண்ண வேண்டும். அது பொறுமை வேண்டிய வேலை.

எல்லாம் கேட்டுவிட்டு என் போனில் இருந்த ஒரே படத்தைக் காட்டினேன். பெரியப்பா மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவர் பெருவிரல் சரியாகக் கன்னத்தின் மேல். "அண்ணே, அந்த விரல் மட்டும் இல்லேன்னா பேரினமாவது சொல்லியிருப்பேன்" என்றாள். அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

அதனால் சொல்கிறேன். பக்கவாட்டில் படுக்கவைத்து, துடுப்பை விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். கன்னத்தைத் தனியாக, வாலடியை மேலிருந்து ஒரு படம். துடுப்பில் நகம் அளவு வெட்டி 95 சதவீத எத்தனாலில் போடுங்கள், மரபணு பார்க்க அது போதும். அதற்குப் பிறகுதான் முழு மீனை 10 சதவீத ஃபார்மலினில் போட வேண்டும். முதலிலேயே ஃபார்மலினில் போட்டால் மரபணு கெட்டுவிடும். ஃபார்மலின் கண்ணையும் மூச்சையும் எரிக்கும், வீட்டில் வைத்துச் செய்யாதீர்கள். முடியாவிட்டால் பையில் இறுக்கிச் சுற்றி உறையவிட்டாலும் போதும். நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. யாரிடம் கொடுத்தாலும் வாங்கினவர் பெயர், தேதி, ஆழம், பிடித்தவர் பெயர் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் ஏலக் கணக்கில் வஞ்சிரத்துக்குத் தனிப் பத்தி உண்டு, இறாலுக்கு அளவு வாரியாகவே பத்தி உண்டு. கிளாத்தி எத்தனை வகை வந்தாலும் "இதரம்" என்றுதான் எழுத வேண்டும். தனியாக எழுதட்டுமா என்று கேட்டதற்கு, காசு வராத மீனுக்குக் கணக்கு எதற்கு என்று பதில் வந்தது. கழிசலோடு தீவன ஆலை லாரியில் என்னென்ன ஏறிப்போனதோ. இப்போது நான் சொந்தமாக ஒரு நோட்டுப் போட்டு எழுதுகிறேன்.

பெரியப்பாவுக்கு 64 வயது. இன்னும் அந்தப் பாருக்குப் போகிறார். புதுசாக ஏதாவது ஏறினால் வாலைப் பிடித்துத் தூக்கித்தான் படம் எடுக்கச் சொல்கிறார். நீலக்கோடு போட்டது இதுவரை வரவில்லை. உங்கள் மீன் எத்தனை பாகத்தில் ஏறியது, கன்னத்தில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்ததும் எனக்கு எழுதுங்கள். அவர் தினமும் கேட்கிறார்.