பை இல்லாத அங்கி

அன்புள்ள ஐயா,

ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ படித்து முடித்தேன். அதிகாரத்தின் பிடியில் சிக்கிய மனிதனைப் பற்றிய பெரிய நாவல் என்றார்கள். எனக்கு ஏமாற்றம். சோவியத் உழைப்பு முகாமில் கைதியாக இருக்கும் இவான் டெனிசோவிச் ஷுகோவ் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. தன்னை அடைத்து வைத்தவர்களுக்காக ஆசை ஆசையாகச் சுவர் கட்டுகிறான். ‘உள்ளுக்குள் அவன் சுதந்திரமாக இருக்கிறான்’ என்று நண்பர் சமாதானம் சொன்னார். அதை ஏற்க முடியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பரின் சமாதானத்தை நானும் ஏற்கமாட்டேன். அதற்கான பதிலை 1892லேயே செகாவ் எழுதிவிட்டார். சகாலின் தீவுக் கைதிகளை நேரில் பார்த்துவிட்டு வந்த இரண்டாம் வருடம் அது.

‘ஆறாவது வார்டு’ கதையில் வரும் டாக்டர் ராகின், மனநோயாளிகளை அடைத்திருக்கும் வார்டில் உட்கார்ந்து குரோமவ் என்ற நோயாளியிடம் தத்துவம் பேசுவார். கதகதப்பான வாசிப்பறையும் இந்த வார்டும் ஒன்றுதான், நிம்மதி மனிதனுக்கு உள்ளேதான் இருக்கிறது என்பார். பிறகு ஒருநாள், நோயாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவரையே அங்கே கூட்டிவந்து விட்டுவிடுகிறார்கள். காவலாள் நிகிதா ஆஸ்பத்திரி உடுப்பைக் கொடுத்துவிட்டு அவருடைய துணிகளை வாரிக்கொண்டு போகிறான். உள்ளே போடுவது குட்டை, சட்டை நீளம், அங்கியில் புகைபோட்ட மீன் வாடை. எல்லாம் ஒன்றுதானே என்று முதலில் தேற்றிக்கொள்கிறார். அடுத்த நொடியே மனம் அலைகிறது: கடிகாரம் எங்கே? பக்கப் பையில் இருந்த குறிப்பேடு? சிகரெட்?

சில வருடங்களுக்கு முன் ஓர் அறுவை சிகிச்சைக்காக எனக்கும் ஓர் அங்கி கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றியதும் வைப்பதற்குக் கை தானாக மார்புப் பக்கம் போனது. பை இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் இனி எதையும் யாரிடமாவது கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பது எனக்கு முன்பே என் கைக்குத் தெரிந்துவிட்டது. அன்றுதான் ராகினின் பதற்றம் எனக்கு விளங்கியது. வெளியே போகவேண்டும் என்று கேட்டதற்கு நிகிதா அவரை அடிக்கிறான். இந்த வலியை இவர்கள் தினம் தினம் பட்டிருக்கிறார்கள், இருபது வருடங்களுக்கு மேல் தனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று அப்போது நினைக்கிறார். மறுநாள் செத்துப்போகிறார்.

ஆகவே ‘உள்ளுக்குள்’ என்பதை விட்டுவிடுவோம். ஷுகோவிடம் வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடிகாரம் இல்லை. அந்த முகாமில் எந்தக் கைதிக்கும் மணி தெரியாது, நேரம் நிர்வாகத்துக்குச் சொந்தம். பெயருக்குப் பதில் ஓர் எண். ஆனால் பூட்ஸுக்குள் ஒரு ஸ்பூன் இருக்கிறது. அலுமினியக் கம்பியை உருக்கி மணலில் அவனே வார்த்தது. வேலைத்தளத்தில் ஒளித்து வைத்த ஒரு கொத்துக் கரணை இருக்கிறது. இவை தத்துவமல்ல, கையில் பிடிக்கக்கூடிய பொருட்கள். ராகினிடமிருந்து பறிபோனதில் ஒரு துளியை ஷுகோவ் காப்பாற்றி வைத்திருக்கிறான்.

எதிர்ப்பே இல்லை என்கிறீர்கள். சக கைதியான முன்னாள் கடற்படை கேப்டன் புய்னோவ்ஸ்கியை மறந்துவிட்டீர்களே! கடுங்குளிரில் சட்டையைக் கழற்றிச் சோதிக்க உங்களுக்கு உரிமையில்லை என்று அவர்தான் கத்துகிறார். பத்து நாள் தண்டனை அறை. அங்கே பத்து நாள் இருந்தால் ஆயுளுக்கும் உடம்பு தேறாது என்பது மற்றவர்களுக்குத் தெரியும். ஷுகோவின் மௌனத்தைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சுவர்தான் மிஞ்சுகிறது. அது உங்களை உறுத்துவது நியாயம். முகாமில் தானே கொத்து வேலை பார்த்தவர் சோல்ஜெனித்சின். அதனால்தான் சாந்து உறைவதற்குள் கல்லை வைத்துவிட வேண்டிய அந்த அவசரம் அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. வேலை முடிந்து எல்லோரும் வரிசைக்கு ஓடும்போது, தாமதித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தும், ஷுகோவ் திரும்பி ஓடுகிறான். இடமிருந்தும் வலமிருந்தும் சுவரைப் பார்க்கிறான். கண்ணே ரசமட்டம். கோணல் இல்லை. அன்று முழுக்க அவனுடைய ஒவ்வொரு அசைவையும் யாரோ சரிபார்த்திருக்கிறார்கள். அந்தச் சுவரை மட்டும் அவன் சரிபார்க்கிறான்.

சுவர் முகாமுக்குத்தான் போகப்போகிறது. எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் சந்தோஷமும் வருத்தமும் எனக்குச் சேர்ந்தேதான் வருகின்றன.

அன்புடன்.