ஓரியூர் மண்

வணக்கம் சார்,
எங்கள் அப்பத்தா ஒரு பழைய பவுடர் டப்பாவில் செம்மண் வைத்திருந்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அதைத்தான் நெற்றியில் பூசுவார். ஓரியூர் மண், அருளானந்தர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பார். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. காலேஜில் படிக்கும் என் தம்பி மகன், அதெல்லாம் இரும்பு ஆக்சைடு என்று சிரிக்கிறான். இன்னொரு உறவினரோ, கட்டிய பெண்டாட்டிகளைத் தள்ளி வைக்கச் சொன்ன வெள்ளைக்காரச் சாமியாரை ராஜா வெட்டியதில் என்ன தப்பு என்கிறார். எதைத்தான் நம்புவது?
எஸ்., தேவகோட்டை

அன்புள்ள எஸ்.,

தம்பி மகன் சொல்வது சரிதான். மணலைச் சிவப்பாக்குவது இரும்பு ஆக்சைடுதான், தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் யாரையும் வெட்டாமலே மண் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நிறத்தைவிடப் பெரிய புதிர், அது உங்கள் அப்பத்தா டப்பாவுக்குள் எப்படி வந்தது என்பது.

உறவினர் கேள்விக்கு வருகிறேன். அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ, இயேசு சபைப் பாதிரியார், 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர், அந்த இளவரசன்தான் பின்னாளில் போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் பெட்ரோ. இவர் இங்கே வந்து காவி கட்டி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, பண்டாரசாமியாக, அருளானந்தராகத் திரிந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டுச் சித்திரவதை பட்டபோது விடுதலை செய்தவரே ராமநாதபுரம் ராஜா கிழவன் சேதுபதிதான், இனி என் நாட்டில் பிரசங்கம் கூடாது என்ற எச்சரிக்கையோடு. அப்புறம் லிஸ்பன் போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். இருக்கவில்லை, 1690இல் மறுபடி இந்தியா வந்து மறவர் நாட்டுக்கே போனார். ஆக, ராஜாவின் பக்கமிருந்து பார்த்தால் எச்சரித்தும் கேட்காதவர். இதை நம் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களில் கொஞ்சம் விழுங்கிவிடுவார்கள்.

பெண்டாட்டிகளைத் தள்ளி வைத்த தடியத்தேவர் விஷயம் அதைவிடச் சிக்கல். அவர் பழைய சேதுபதி வம்சத்தில் வந்தவர், அரசுரிமை கேட்கக்கூடிய ஆள். நோயிலிருந்து குணமாகி ஞானஸ்நானம் கேட்டார், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் சாமியார், அவரும் மற்றவர்களைத் தள்ளி வைத்தார். அதில் இளையவள் சேதுபதிக்கு நெருங்கிய உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். அவள் அழுததில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனால் அவள் பக்கத்துக் கதையை எழுதி வைக்க யாருமில்லை. அரசுரிமைக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவர், தடை செய்த சாமியாரோடு சேர்கிறார், வீட்டுப் பெண் வாசலில் நிற்கிறாள்: ராஜா சும்மா இருப்பாரா? மதக் கொலை என்ற ஒரே சொல்லில் இது அடங்காது.

ராமநாதபுரத்தில் வைத்து வெட்டினால் கலவரம் வரும் என்று, பாம்பாற்றங்கரையில் ஓரியூரில் இருந்த சேதுபதியின் தம்பி உடையத்தேவரிடம் சாமியாரை அனுப்பினார்கள். கண்ணும் தெரியாமல் கைகாலும் விளங்காமல் கிடந்த அந்த உடையத்தேவர், முதலில் என்னைக் குணமாக்கு என்று கேட்டதாகச் சொல்வார்கள். அது கடவுளால்தான் முடியும், என்னால் ஆகாது என்றாராம் சாமியார். கடைசிக் கடிதத்தைக் கரியைத் தண்ணீரில் கரைத்து எழுதினார். 1693 பிப்ரவரி 4 அன்று தலையை வெட்டி, அப்புறம் கையையும் காலையும் துண்டித்து, உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள்.

மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனும் கழுவேறிய காத்தவராயனும் சாமியாகி நிற்கிற மண் இது. அநியாயமாக வெட்டுப்பட்டவனை அப்படியே விட்டால் ஊருக்கு ஆகாது, கும்பிட்டுச் சாந்தப்படுத்த வேண்டும், சாந்தமானால் பிள்ளை வரம் கொடுப்பான். லிஸ்பன்காரரையும் நம் ஜனங்கள் அந்த வரிசையில்தான் சேர்த்தார்கள், அதுவும் வெட்டிய மறவர் சமூகத்தாரே முன்னால் நின்று. ஓரியூரில் மொட்டை போடுகிறார்கள், கிடா வெட்டிச் சமைக்கிறார்கள், பிள்ளைக்காக வேண்டி தென்னம்பிள்ளை நேர்ந்துகொள்கிறார்கள், அதில் பாதிப் பேர் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கமே போகாதவர்கள். ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது 1947 ஜூனில், 254 வருஷம் கழித்து. ஊர்க்காரர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. சிவப்பு மண் கதை அவர்கள் எழுதிய தீர்ப்பு, அதைச் சோதனைக் குழாயில் போட்டு என்ன செய்வது?

டப்பா இன்னும் இருந்தால் பத்திரமாக வையுங்கள், காய்ச்சலுக்கு மட்டும் டாக்டரைப் பாருங்கள். இன்னொன்று, அப்பத்தா எந்தக் கிழமை ஓரியூர் போவார் என்று வீட்டில் யாரையாவது கேட்டுச் சொல்லுங்களேன். அருளானந்தர் வெட்டுப்பட்டது ஒரு புதன்கிழமை, அதுவும் தவக்காலம் தொடங்கும் அந்த வருஷத்துச் சாம்பல் புதன்.